இன்று விடுமுறை

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க உப்போடைக்கு வந்து கீழபஜாரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கோங்க, என்னை மட்டும் மெஷினை நிறுத்தச் சொல்லாதீங்க. மாரியம்மன் கோயிலில் இந்த வருஷத்துப் பங்குனிப் பொங்கலும் நெருங்கிவிட்டது, ஊர்ப் பெண்களின் புதுச் சேலையெல்லாம் ஃபால்ஸ் அடிக்கச் சொல்லி என் மடியில் வந்து கிடக்கிறது, தைத்துக்கொண்டேதான் சொல்வேன். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், பைபாஸ் ரோடு வந்தபிறகு பாதி பஸ் உள்ளே வராமலே போய்விடுகிற ஊர் எங்களுடையது. அங்கே என் தையல் கடைக்கு நேர் எதிரே, தனுஷ்கோடி அண்ணாச்சி கட்டிய காம்ப்ளக்ஸில், மூன்றாவது ஷட்டர் திருமேனியின் கடை. நான் குனிந்து தைத்துவிட்டு நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த ஷட்டர்தான். அதனால் அங்கே நடந்ததற்கு என்னைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

திருமேனி நல்லவன். ஒப்புக்குச் சொல்லவில்லை, அடுத்தவருக்கு எரிச்சல் வருகிற அளவுக்கு நல்லவன். அவனும் அவன் பெண்டாட்டி ஜெயக்கொடியும் முதன்முதலில் அந்த ஷட்டரைத் திறந்து ஆட்டுக்கால் சூப் கடை போட்ட அன்றைக்கு, அண்ணாச்சி வந்து குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, கடைக்காரன் வாயில் 'இல்லை' என்கிற சொல் மட்டும் வரக்கூடாதுடா, எது கேட்டாலும் 'ஆகட்டும்' என்று சொல், சரக்கு தீர்ந்தால் 'வரும்' என்று சொல் என்று காதில் போட்டுவிட்டுப் போனார். பஜாரில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான். உப்பு தீர்ந்திருந்தால் நாளைக்கு வரும் என்போம், விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். ஆனால் நாங்கள் அதை வாயோடு வைத்துக்கொண்டோம், இந்தப் பையன் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

ஜெயக்கொடி வைத்த சூப் முதல் வாரம் தெருவையே இழுத்தது, மிளகு தொண்டையில் இறங்கும்போது மூக்கும் கண்ணும் சேர்ந்து திறக்கும். அப்புறம் அண்ணாச்சி வந்து, எனக்கு பிரஷர்டா, உப்பைக் கொஞ்சம் குறை என்றார், ஆகட்டும் என்றான். பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் மிளகைக் குறைக்கச் சொன்னார்கள், ஆகட்டும் என்றான். பேங்க் மேனேஜர் பூண்டு வாசம் சட்டையில் ஒட்டுகிறது என்றார், அதற்கும் ஆகட்டும். வெள்ளிக்கிழமை கவிச்சி கூடாது என்றார்கள், பிறகு செவ்வாய்க்கிழமையும் கூடாது என்றார்கள், பிறகு கார்த்திகை வந்து ஊரில் பாதிப் பேர் மாலை போட்டுக்கொண்டார்கள், இப்படி ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் அந்த ஆட்டுக்கால் சூப்பில் ஆட்டுக்காலும் இல்லை, சூப்பும் இல்லை. கொத்தமல்லி மிதக்கிற வெந்நீரை அவன் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் ஒருத்தரும் மறுபடி வரவில்லை.

கடையை மூட அவனுக்கு மனசு வரவில்லை. மூடுகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு மஞ்சள் அட்டையில் சிவப்பு மையால் 'இன்று விடுமுறை' என்று எழுதி ஷட்டரில் தொங்கவிட்டுவிட்டு, யார் கேட்டாலும் இன்னைக்கு மட்டும் லீவு என்று சொல்லிக்கொண்டு, அண்டா அடுப்பையெல்லாம் பிரியாணி மாஸ்டர் ஒருத்தருக்கு விற்றுவிட்டு, கொஞ்ச மாதம் தலைகாட்டாமல் இருந்தான். அந்த அட்டை வெயிலில் வெளுத்து, எழுத்து ரோஸ் கலருக்கு வந்தபிறகுதான் எடுத்தான். எடுத்த கையோடு அதே ஷட்டரில் பிள்ளைகள் டிரஸ் கடை போட்டான்.

அந்தக் கடை திறந்த அன்றைக்குத்தான் நடந்தது. ஒரு பட்டுப்பாவாடைக்குக் கீழ்மடிப்பு அடித்துக் கொடுக்கப் போயிருந்தேன். பின்சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காணவில்லை, சுவரையும் காணவில்லை, சுவர் இருந்த இடத்தில் ஒரு வாசல் இருந்தது, வாசலுக்கு அந்தப் பக்கம் பழைய சூப் கடை அப்படியே இருந்தது. அதே அண்டா, அதே அடுப்பு, அதே டம்ளர் அடுக்கு, சூப்பும் ஆவி பறக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. நான் திருமேனியைக் கூப்பிட்டு, உன் பழைய கடை உள்ளே இருக்குப்பா என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், தெரியும் மயிலக்கா, அதைப் பத்திப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

அந்தச் சுவருக்குப் பின்னாடி உரச் சங்கத்துக் குடோன். அண்ணாச்சி நேரே அங்கே போய் நாடா பிடித்து அளந்து பார்த்தார், குடோன் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை, மூட்டைகளும் வைத்த இடத்தில் இருந்தன. தாலுகா ஆபீஸிலிருந்து வந்த சர்வேயர் உள்ளேயும் அளந்து, வெளியேயும் அளந்து, டீ குடித்து, உள்ளே இருக்கிற இடம் வெளியே இல்லாததால் அதற்கு வரி போட வழியில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு அது நல்ல சேதி, அதனால் அவர் மேற்கொண்டு ஆராயவில்லை. பிரியாணி மாஸ்டர் மட்டும், தான் வாங்கிய அண்டாவை டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து, உள்ளே இருந்த அண்டாவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே நசுங்கல். தன்னுடையது தன்னிடம் இருந்தால் சரி என்று திருப்தியாகத் திரும்பிப் போனார்.

எங்க தெரு இப்படித்தான். எது வந்தாலும் முதல் நாள் பார்க்கும், இரண்டாம் நாள் உட்காரும், மூன்றாம் நாள் அங்கே வெற்றிலைப் பாக்கு மடிக்கும். சூப் கடைக்குள் போய் யார் வேண்டுமானாலும் ஒரு டம்ளர் மொண்டு குடிக்கலாம், காசு வைத்தால் அந்தக் காசு திரும்பவும் நம் பைக்குள் வந்து கிடக்கும். குடித்தது வயிற்றில் இருக்கிறதுபோல இருக்கும், ஷட்டரைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததும் குடிக்காததுபோல ஆகிவிடும். விடுமுறை நாளில் வியாபாரம் ஏது என்று நாங்களே அதற்கு ஒரு நியாயம் சொல்லிக்கொண்டோம். அட்டையில் இன்று விடுமுறை என்றுதானே எழுதினான், அந்தக் கடை பாவம் அதை நம்பிக்கொண்டு, நாளைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று பின்னாடி போய்க் காத்துக்கொண்டிருக்கிறது.

டிரஸ் கடையும் போயிற்று. பிள்ளைகள் கவுன் பக்கத்தில் நைட்டி கேட்டார்கள், வரும் என்றான். நைட்டி வந்ததும் லுங்கி கேட்டார்கள், துண்டு கேட்டார்கள், ஒரு அம்மா குடை கேட்டாள், ஒரு குடை வந்தது. அந்த அம்மா மழை விட்டபிறகு வந்து, வேண்டாம் என்றாள். அண்ணாச்சி மதுரையில் பார்த்துவிட்டு வந்து கண்ணாடிக் கதவு போடு, ஏசி போடு என்றார், போட்டான். எங்க ஊர்க்காரர்கள் அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு, உள்ளே போகக் கூச்சப்பட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மறுபடியும் மஞ்சள் அட்டை தொங்கிற்று. அடுத்துச் செல்போன் கவர் கடை போட்டான். டிரஸ் கடை ஏசியோடும் கண்ணாடிக் கதவோடும் பின்னாடி போய் உட்கார்ந்தது, சூப் கடை அதற்கும் பின்னாடி நகர்ந்தது. செல்போன் கடையில் யார் எந்த போனைக் கொண்டுவந்து காட்டினாலும் அதற்குக் கவர் வரும் என்பான், கவர் வருவதற்குள் அவர்கள் போனை மாற்றியிருப்பார்கள். கடைசியில் ஊரில் ஒருத்தர் கையிலும் இல்லாத போன்களுக்கான கவர்கள் மூன்று சுவரிலும் தொங்கின. அதுவும் பின்னாடி போயிற்று. நாலாவதாக ஒரு பரிசுப் பொருள் கடை போட்டான். கடிகாரம், சாமிப் படம், எவர்சில்வர் டம்ளர் செட், அப்புறம் கேட்டதெல்லாம்.

இத்தனையையும் ஜெயக்கொடி ஒரு சொல் சொல்லாமல் கூடவே நின்று தூக்கினாள், அடுக்கினாள், இறக்கினாள். நாலாவது கடையும் ஆடத் தொடங்கியபோதுதான் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, கழற்றிப் போட்ட பாபினைக் கையில் உருட்டிக்கொண்டே, திருப்பூரிலிருந்து அவள் அண்ணன் இசக்கிராஜா சொல்லியனுப்பியதைச் சொன்னாள். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கையோடு கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். வேலை நல்ல வேலைதான், ஆனால் அந்த மனுஷன் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஒரு மூச்சு விடுவாரே அக்கா, அந்த மூச்சை இன்னொருத்தன் கம்பெனியில் விட மாட்டார் என்றாள். பொங்கலுக்குள் இந்தக் கடை நின்றால் இருக்கிறோம், இல்லையென்றால் போகிறோம், இனி ஒரு கடை கிடையாது என்று அவனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

கடை எப்படி நிற்கும்? முன்கடைக்கு ஒருத்தரும் வருவதில்லை, வருகிற கூட்டமெல்லாம் பின்கடைக்கு. காலையில் பத்து மணிக்கெல்லாம் ஏசி ரூமில் இடம் பிடிக்க வருவார்கள். பின்னாடி இருக்கிற ஏசிக்குக் கரண்டு பில்லும் வருவதில்லை. வயசானவர்கள் சூப் கடையில் வெந்நீரை உறிஞ்சிக்கொண்டு பேப்பர் படிப்பார்கள், மாமியாரோடு கோபித்துக்கொண்டு வருகிற மருமகள்கள் செல்போன் கவர் ரூமில் கூடிக்கொள்வார்கள், அவர்களைத் தேடிவருகிற மாமியார்கள் ஏசியில் உட்கார்ந்துவிடுவார்கள். போலீஸ் பரீட்சைக்குப் படிக்கிற செண்பகவடிவு என்கிற பிள்ளை, வீட்டில் தறிச் சத்தம் என்பதால், பிள்ளைகள் டிரஸ் அடுக்குக்கு நடுவில் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேரும் திருமேனியின் கடிகாரங்களையும் டம்ளர் செட்டுகளையும் தாண்டி, திருமேனி, நல்லா இருக்கியாப்பா என்று அன்பாகக் கேட்டுவிட்டு உள்ளே போவார்கள். அவன் பின்வாசலுக்குப் பூப்போட்ட ஒரு திரையைப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தோற்றுப்போன கடைகளுக்குள் அவன் ஒருநாளும் காலை வைத்ததில்லை.

மாசி கடைசியில் ஒரு மத்தியானம், பின்ரூம்களில் கிடக்கிற கடலைத் தோலைப் பெருக்க ஜெயக்கொடி துடைப்பத்தோடு போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள், துடைப்பத்தைச் சாத்தினாள், புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"வாங்க. வந்து பாருங்க."

"வேணாம் ஜெயா."

"உங்க கடைதான? யார் கடையோ மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு பின்னாலேயே ஓடினேன், இதைப் பார்க்காமல் இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

செல்போன் கடையில் அவள் சுவரைக் காட்டினாள்; அவன் ஒவ்வொரு கவராகத் தொட்டுப் பார்த்து, இது சண்முகக்கனி கேட்டது, இது போஸ்ட்மேன் கேட்டது என்று முணுமுணுத்தான். டிரஸ் கடையில் அந்த ஒற்றைக் குடை இன்னும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் லுங்கி, அதன் பக்கத்தில் நைட்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தர் ஒரே ஒரு தடவை கேட்டது. அவன் குடையை எடுத்து விரித்து, மடக்கி, திரும்ப மாட்டினான்.  கடைசியாகச் சூப் கடைக்குள் போனோம். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலைந்து பெரியவர்களும் அண்ணாச்சியும் எழுந்து நின்று வழிவிட்டார்கள், முதலாளி வந்தால் எழுந்திருப்பதுபோல. ஜெயக்கொடி ஒரு டம்ளர் மொண்டு அவன் கையில் கொடுத்தாள். அத்தனை மாதம் அந்தக் கடையை நடத்தியவன், வாடிக்கைக்காரன் நிற்கிற பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் குடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான். மறுபடி ஒரு வாய் குடித்தான்.

"என்ன ஜெயா இது? இதுல ஒண்ணுமே இல்லையே."

அந்த 'இல்லை' அவன் வாயிலிருந்து விழுந்ததும் அண்டாவுக்கு அடியில் எரிந்த நெருப்பு சட்டென்று தணிந்தது. கொதித்துக்கொண்டிருந்த சூப் அடங்கி, சுவர் ஓரத்தில் ஒரு டம்ளர் அடுக்கு கண்ணுக்கு முன்னாலேயே மங்கிப்போயிற்று. நாங்கள் எல்லாரும் நெருப்பைப் பார்த்தோம், அப்புறம் திருமேனியைப் பார்த்தோம். அண்ணாச்சிதான் முதலில் பதறி, டேய், கடைக்குள்ளே நின்றுகொண்டு என்ன சொல் சொல்கிறாய் என்றார். திருமேனி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அத்தனை நாளும் இந்தக் கடைகள், தான் சொல்லாத ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடக்கின்றன என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. தான் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லாததால்தான் இத்தனை கடைகளும் இங்கே வந்து சேர்ந்தன என்பதும் புரிந்துவிட்டது. நாளைக்குக் காலையில் எல்லாக் கடையையும் முறைப்படி மூடி எடுத்து வைக்கப்போகிறேன் என்றான்.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் விடிந்ததும் ஷட்டர் முன்னால் தெருவே நின்றது. யாரும் சண்டைக்கு வரவில்லை, அதுதான் கஷ்டம், எல்லாரும் பாசமாக வந்தார்கள். பெரியவர்கள் எங்களுக்கு வேறு போக்கிடம் ஏதப்பா என்றார்கள். மருமகள்கள் ஒரு பக்கமும் மாமியார்கள் ஒரு பக்கமும் நின்று முதல்தடவையாக ஒரே குரலில் பேசினார்கள். அண்ணாச்சி, வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன், இந்த ரூம்களால்தான் காம்ப்ளக்ஸுக்கே பேர், மூடாதே என்றார். மூடுவதாக இருந்தாலும் இன்றைக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவை, போதும் என்றார். எனக்குத் தெரியும், 'ஆகட்டும்' என்கிற சொல் அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. 

"இல்ல அண்ணாச்சி," என்றான்.

உள்ளே செல்போன் கவர் ஒன்று சுவரிலிருந்து உதிர்கிற சத்தம் கேட்டது.  அப்போது செண்பகவடிவு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். எனக்கு எத்தனையோ பேரைப் பிடிக்கும், பிடிக்காது, இந்தப் பிள்ளையைப் பிடிக்காதவர்கள் எங்க தெருவில் இல்லை.

"அண்ணே, பரீட்சை முடியுற வரைக்கும் மட்டும். அந்த ஒரு ரூம் மட்டும்."

திருமேனி அழுதேவிட்டான். நடுரோட்டில், அத்தனை பேருக்கு முன்னால், கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். எங்கள் யாருக்கும் 'இல்லை' சொல்வது அவ்வளவு கஷ்டமான காரியமாக இருந்ததில்லை. நாங்கள் தினமும் வீட்டில் நூறு தடவை சொல்கிறோம், அவன் பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையையும் ஒரே நாளில் சொல்லவேண்டியிருந்தது.

"இல்லம்மா. அங்க உக்காந்து படிச்சா நானும் அங்கயே உக்காந்திருப்பேன்."

 அவள் தன் பாயை எடுத்துக்கொண்டு வர உள்ளே போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள், மூக்குக்கண்ணாடி, பேப்பர், பின்னல் ஊசி, ஒரு தலையணைகூட. எல்லாரும் வெளியே வந்ததும் அவனும் ஜெயக்கொடியும் மட்டும் கற்பூரத் தட்டோடு போனார்கள். நான் பூப்போட்ட திரையைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதால் எல்லாம் கேட்டது. ஒவ்வொரு கடையிலும் நின்று, தொட்டுக் கும்பிட்டு, லீவு முடிஞ்சுது, இனிமே கடை இல்லை, இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்ததுக்குப் பெரிய நன்றி என்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியை பஸ் ஏற்றி அனுப்புவதுபோல அவன் சொன்னான். சொல்லச் சொல்ல ஒவ்வொரு ரூமும் மூச்சு விட்டு அடங்கிற்று. சூப் கடையில் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்கள், அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது பின்னால் சுவர் இருந்தது, சுவரில் ஆணி இருந்தது, ஆணியில் பழைய காலண்டர் பழைய தேதியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கடிகாரங்களையும் டம்ளர் செட்டுகளையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பொங்கலுக்கு முந்தின வாரங்களில் அதே ஷட்டரில் மறுபடியும் ஆட்டுக்கால் சூப். இது இன்னொரு கடை இல்லை, முதல் கடைதான் என்று ஜெயக்கொடியே சொல்லிவிட்டாள். பிரியாணி மாஸ்டரிடம் போய் அந்த அண்டாவைத் திரும்பக் கேட்டான், அவர் முகம் சுளிக்காமல் கொடுத்தார். இந்தத் தடவை கண்ணாடிக் கதவு கிடையாது, ஏசி கிடையாது, வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு; டீக்கடைக்குக் கூட்டம் போவது டீக்காக இல்லை, உட்காரத்தான் என்று அத்தனை நாள் அவன் தோற்றுப்போன கடைகளில் ஊர் உட்கார்ந்து காட்டியிருக்கிறதே. பெஞ்சின் மேல் ஒரு டியூப்லைட் போட்டு, அதற்கு அடியில் செண்பகவடிவுக்கு ஒரு மூலை ஒதுக்கிவிட்டான்.

அதோடு எல்லாம் நன்றாகிவிட்டது என்று நினைத்தால் நீங்கள் கடை வைத்துப் பார்த்ததில்லை. முதல் நாள் வந்தவர்களெல்லாம் பழக்கதோஷத்தில் உப்பைக் குறை, மிளகைக் குறை என்றார்கள், அவன் இல்லை, இல்லை என்றான். கோபித்துக்கொண்டு போனார்கள், மீந்ததைப் புருஷனும் பெண்டாட்டியும் அண்டாவைச் சாய்த்து வைத்து மொண்டு குடித்தார்கள், எனக்கும் ஒரு தூக்குவாளி வந்தது. இரண்டாம் நாளும் மீந்தது. என் வீட்டில் யாருக்கும் சளி பிடிக்காத பங்குனி அதுதான். ஆனால் திருமேனி இப்போது வேறு ஆளாகியிருந்தான். யார் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டுவதை விட்டுவிட்டு, குடித்துவிட்டு வைத்த டம்ளர்களைத் தூக்கிப் பார்த்தான். அடியில் சூப் மீந்த டம்ளர் எது, துடைத்து வைத்ததுபோல இருக்கிற டம்ளர் எது என்று பார்த்தான். மிளகு கொஞ்சம் கூடுதல்தான் என்று அவனே கண்டுபிடித்தான், மறுநாள் அவனே குறைத்தான், அதற்கடுத்த நாள் அது ரொம்பக் குறைந்துவிட்டது என்று சண்டை போட்டு ஜெயக்கொடி கொஞ்சம் ஏற்றினாள். உப்பு மட்டும் முதல் நாள் போட்ட உப்புதான். அண்ணாச்சிக்கு ஒரு வழி செய்தான்: சூப்பில் கை வைக்கவில்லை, உங்களுக்குப் பாதி டம்ளர்தான் அண்ணாச்சி, முழு டம்ளர் இல்லை என்றான். அந்தப் பாதியை அவர் தேன்போல நக்கிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலில்லாத சூப் கிடையாது, கடையே கிடையாது. அன்றைக்கு ஷட்டரில் அந்தப் பழைய மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டார்கள். இந்தக் கடையும் பின்னாடி போய்விடுமோ என்று எனக்குப் பயம், தெருவில் எல்லாருக்கும்தான். சனிக்கிழமை அவன் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே ஒரு கூட்டம் கூடி நின்று, தூக்கியதும் அவனைப் பார்க்கவில்லை, பின்சுவரைத்தான் பார்த்தது. காலண்டர் அதே இடத்தில் இருந்தது. அட்டையில் எழுதியிருந்தது உண்மையாக இருந்தால் கடை எதற்குப் பின்னாடி போகப்போகிறது? வந்தவர்கள் வந்ததோடு ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்கள், அன்றைக்குத் தூக்குவாளி என் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம், மாரியம்மன் கோயிலில் மேளம் கட்டிவிட்டார்கள், தெரு முழுக்க சீரியல் லைட், என் மெஷின் மிதித்து மிதித்துக் கால் கழன்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து தோளில் ஒரு பை, கையில் ஒரு பையோடு இசக்கிராஜா வந்தார். காலி பை ஒன்று கக்கத்தில் இருந்தது. தங்கச்சி வீட்டுச் சாமான் ஏற்ற என்று கொண்டுவந்திருக்கிறார், எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜெயக்கொடி கடைக்குள் தரையில் உட்கார்ந்து அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அண்ணன் வந்ததை அவள் கவனிக்கவில்லை. பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

இசக்கிராஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மாப்பிள்ளை, பஸ்ஸில் வந்த அலுப்பு, முதலில் ஒரு சூப் கொடும், மிச்சத்தை அப்புறம் பேசுவோம் என்றார். திருமேனி அவரைப் பார்த்தான், கக்கத்தில் இருந்த காலிப் பையைப் பார்த்தான். பெண்டாட்டியின் அண்ணன், மரியாதைக்குரியவர், வேலை வாங்கி வைத்துக்கொண்டு வந்து நிற்கிறவர். நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

"இல்ல மச்சான். தீந்துருச்சு."

அண்டா தேய்க்கிற சத்தம் நின்றது. பெஞ்சின் நடுவில் இருந்த தனுஷ்கோடி அண்ணாச்சி தன் பாதி டம்ளரிலிருந்து தலையைத் தூக்கினார். கடைக்குள் நின்று இப்படிச் சொல்லலாமா என்று அவர் இந்தத் தடவை கேட்கவில்லை. ஜெயக்கொடி சாம்பல் கையோடு எழுந்து வெளியே வந்து, அண்ணனைப் பார்த்து, புருஷனைப் பார்த்து, புறங்கையால் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை.

"நாளைக்கு அஞ்சரைக்கே வந்துருங்கண்ணே," என்றாள். "அப்புறம் வந்தா கிடைக்காது."

 செண்பகவடிவு புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் இசக்கிராஜாவுக்கு நகர்ந்து இடம் விட்டாள். அவர் தோளில் இருந்த பையை இறக்கி வைத்தார், கையில் இருந்த பையை இறக்கி வைத்தார், கக்கத்தில் இருந்த காலிப் பையை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார்.